முழங்கால் தண்ணீரில் பன்னிரண்டு பாகம்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மெசினைத் தெரிவு செய்ததில் எந்தப் பிழையும் இல்லை. இன்றைக்கு யார் என் முன்னால் வந்து நின்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அதை இயக்கத் தெரியாமல் இயக்கியது பிழை. அது வேறு வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் ஏற்றுகிறவர்களோடு கதைப்பதில்லை என்று ஒருமுறை சபதம் எடுத்தேன். (அன்று பின்னேரமே சபதம் முறிந்துபோனது. கதைக்காமல் இருக்க என்னால் ஏலாது.)

எங்களுடைய போட் மிகச் சின்னது. பைபர் போட், பின்பக்கம் ஓர் என்ஜின், திருகோணமலை உட்துறைமுகக் கரையில் கட்டிக்கிடக்கும். அதில் இவருக்குப் பாதி, என் அண்ணாவுக்குப் பாதி. இவர் என்றால் என் கணவர். (அவருக்கும் பெயர் உண்டு. அவசரத்துக்குக் கூப்பிடும்போது அது எனக்கே ஞாபகம் வராது.) போட்டில் எனக்குப் பங்கில்லை, அபிப்பிராயம் மட்டும்தான் இருந்தது. அது நிறைய இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் தொலைபேசி பழுதானாலும் ரிவி வேலை செய்யாவிட்டாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பாதி திருந்தும், மீதி திருந்தாது. திருந்தாததை "இது இனி வேலை செய்யாது" என்று நான் சொல்லும் விதத்தில் ஒரு வைத்தியரின் நிச்சயம் இருக்கும், எனவே ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தப் புகழோடுதான் மீன் பார்க்கும் மெசின் வாங்கும் விஷயத்தில் நான் தலையைக் கொடுத்தேன்.

இவருக்குக் கையடக்கமான ஒரு ஜிபிஎஸ் போதும். மழை இருட்டுக்குள் கரையைக் கண்டுபிடித்து வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அண்ணாவுக்கு அதுவும் தேவையில்லை. கோணமலையையும் மூதூர்ப் பக்கத்து வெளிச்சவீட்டையும் கண்ணால் பார்த்தே தான் நிற்கும் இடத்தைச் சொல்லக்கூடியவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு. நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். கரைக்கு வழி காட்டினால் மட்டும் போதுமா, கரைக்குக் கொண்டுவர மீன் வேண்டாமா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நகரத்திலுள்ள கடைக்கு மூன்று பேரும் போனோம். விற்பனையாளர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அலைவரிசை, ஆழம், செய்மதி என்று நல்ல பொறுமையோடு விளக்கினார். நான் ஒன்றையும் கேட்கவில்லை. என் கண் மேல்தட்டில் இருந்த ஒரு மெசினில் போய் ஒட்டிக்கொண்டது. மற்ற எல்லாத் திரையும் கறுப்பாகக் கிடக்க, அதில் மட்டும் நீலத் தண்ணீர் ஓடியது. தண்ணீருக்குள் மஞ்சளும் சிவப்புமாக மீன்கள் போய்க்கொண்டிருந்தன.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"அது நல்ல சாமான் அக்கா. ஜிபிஎஸ்ஸும் மீன் பாக்கிறதும் ரெண்டும் ஒண்டுக்குள்ள இருக்கு. ஆனா முதலில செற்றிங்குக்குள்ள போய்..."

"அதெல்லாம் நான் பாப்பன். இதைக் கட்டித் தாங்கோ."

செற்றிங்குக்குள்ளே போய் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மனிதர் சொல்லி முடிக்க நான் விடவில்லை. விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கடையின் மேல்தட்டில், தார் வீதிக்குப் பக்கத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு மெசின் எப்படி மீனைக் காட்டும் என்று நான் யோசிக்கவில்லை. சரி, நான்தான் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த இரண்டு ஆம்பிளைகள் என் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்களும் யோசிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மீனைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் சைக்கிள் பற்றறியில் வயரைக் கொடுத்து மெசினைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். குடும்பம் முழுவதும் சுற்றி நின்றது. மேசையிலும் மீன் ஓடியது. மச்சாள், அதாவது அண்ணாவின் மனைவி, குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"தண்ணி இல்லாமல் எப்பிடியப்பா மீன் காட்டுது?"

நியாயமான கேள்வி. அந்த வீட்டில் அன்று கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி. அதை நான் ஒரு சிரிப்போடு நசுக்கினேன்.

"மச்சாள், இதுக்குள்ள ஞாபகசக்தி இருக்கு. கடைசியாப் பாத்த மீனை அப்பிடியே வச்சிருக்கும்."

அது கடைத் தட்டை விட்டு அன்றுதான் இறங்கிய புது மெசின். கடைசியாக அது எந்தக் கடலில் எந்த மீனைப் பார்த்திருக்கும் என்று அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சொன்ன விதம் அப்படி. திரையின் மூலையில் ஓர் ஆங்கிலச் சொல் மின்னி மின்னி மறைந்ததை இவர் கவனித்து என்னவென்று கேட்டார். அது மெசினின் பெயர் என்று சொன்னேன். அதையும் நம்பினார்.

அன்று நான் சாதித்தது ஒன்று உண்டு. ஆழத்தை அடிக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்த மெசினைப் பாகக்கணக்குக்கு மாற்றினேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், கடலில் ஆழத்தை அப்படித்தான் சொல்வார்கள். அந்த மாற்றத்தோடு மெசின் எனக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறு யாரும் ஒரு பட்டனையும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

உத்தரவு அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. "நாங்கள் தொடக்கூடாதெண்டா கடலில ஆர் இயக்கிறது?"

"நான் வாறன்."

எங்கள் கரையில் பெண் ஏறிய போட்டுக்கு மீன் படாது என்பார்கள். சொல்கிறவர்கள் இதைச் சண்டைக்காகச் சொல்வதில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்கள். அதனால்தான் எனக்குக் கோபம் வரும். வருடாவருடம் அந்தப் போட்டைக் கரையில் இழுத்து வைத்து, பாசியைச் சுரண்டி, கழுவி, பெயின்ற் அடிப்பது நானும் மச்சாளும். அப்போதெல்லாம் உள்ளே ஏறி நின்றுதான் அடிக்கிறோம். போட்டில் ஆர் ஏறியது என்று மீனுக்கு ஆர் போய்ச் சொல்கிறார்கள் என்று அண்ணாவிடம் நேராகவே கேட்டேன்.

அண்ணா தாடியைச் சொறிந்தார். பிறகு, "சரி, ஒரு நாள் வா" என்றார். "ஆனா வெறுங்கையோட திரும்பி வந்தமெண்டா இனி எங்கட போட்டில எந்தப் பொம்பிளையும் கால் வைக்கிறேல்லை. நீயும் இல்லை, இவளும் இல்லை."

இவள் என்று அவர் காட்டியது மச்சாளை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து, ஒருநாள் என்னையும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர் அவர். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், என்னுடையதையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறாய், கவனம் என்று எழுதியிருந்தது. என்றாலும் "சரி, பாப்பம்" என்றேன்.

வாடைக்காற்று அடங்கிக் கடல் படுத்துக்கிடந்த காலம் அது. விடிய வெளிக்கிட்டோம். கரையில் நின்றவர்கள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை, மெசினை மடியில் வைத்துக்கொண்டு மகாராணி போல இருந்தேன். தண்ணீருக்குள் இறக்கும் சென்சரை இவர் போட்டின் பின்பக்கத்தில் பூட்டியிருந்தார். கொட்டியாரக் குடாவுக்குள் வந்ததும் பட்டனை அமத்தினேன். நீலத் தண்ணீர் ஓடியது. பன்னிரண்டு பாகம் என்று காட்டியது. ஒரு கூட்டம் மீன் வந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றேன்.

நிற்பாட்டினார்கள். தூண்டில் போட்டார்கள். மெசினில் மீன் வந்துகொண்டே இருந்தது, தூண்டிலின் தங்கூசி நரம்பில் ஒரு அசைவும் இல்லை. இதற்கும் என்னிடம் காரணம் இருந்தது. இப்போதுதான் விடிந்திருக்கிறது, மீனுக்கு இன்னும் பசிக்கவில்லை என்றேன்.

இங்கே எங்கள் கடலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு போட் ஓர் இடத்தில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் சும்மா போகமாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். எதிலோ சந்தேகம் வந்ததுபோல என்ஜினைக் குறைப்பார்கள், கொஞ்சம் தள்ளி நிற்பார்கள், பிறகு அவர்களும் போடுவார்கள். அவர்களைப் பார்த்து இன்னொருவர் வருவார். முதலில் வந்தவர் கிண்ணியா ரபீக் நானா, இவருடைய பழைய கூட்டாளி.

"என்ன தம்பி, மீன் இரிக்கா?"

"மெசின் காட்டுது நானா" என்று இவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

நானா கழுத்தை நீட்டிப் பார்த்தார். மஞ்சள் மீன் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு போனது. "ம்ம், நல்லாத்தான் இரிக்கு" என்று சொல்லிவிட்டு நங்கூரத்தை இறக்கினார். அவரைப் பார்த்து மூதூர்ப் போட்டுகள் வந்தன. எங்கள் கரைக்காரரும் வந்தார்கள், காலையில் முணுமுணுத்தவர்கள் உட்பட. ஒரு மீனும் இல்லாத இடத்தில் குடாவின் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து ரோந்து போன நேவிப் படகொன்றும் மெதுவாகக் கிட்ட வந்தது. அதில் நின்றவர் மீனா என்ற கருத்தில் சிங்களத்தில் "மாளு?" என்று கேட்டார். அண்ணா திரையைக் காட்டினார். அவரும் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வெய்யில் ஏறியது. ஒருவருக்கும் ஒன்றும் படவில்லை. ஒருவரும் இடத்தை விட்டு அசையவுமில்லை, ஏனென்றால் பக்கத்துப் போட்டுக்காரன் இதோ பிடிக்கப்போகிறான் என்ற பயத்தில் எல்லோரும் பிடிவாதமாக நின்றார்கள். அந்த நேரத்தில்தான் திரையில் மிகப் பெரிய சிவப்பு மீன் ஒன்று வந்தது. அது போனதும் அதைவிடப் பெரியது. மூதூர்ப் பக்கத்திலிருந்துதான் பெரிய மீன்கள் வருகின்றன என்று நான் முடிவு செய்தேன். "மெல்ல முன்னுக்கு விடுங்கோ" என்றேன்.

இவர் விட்டார். போட்டுகள் எல்லாம் பின்னால் வந்தன. கல்யாண ஊர்வலம்போல இருந்தது, மேளம் மட்டும்தான் இல்லை. மகாவலி வந்து கடலில் விழும் பக்கத்தை நெருங்கினோம். ஆறு கொண்டுவந்து கொட்டும் மணல் அங்கே ஒவ்வொரு வருடமும் ஒவ்வோர் இடத்தில் கிடக்கும்.

"தண்ணி வெளிறிப் போகுது" என்றார் இவர்.

"பன்னிரண்டு பாகம் காட்டுது."

"எனக்கு மணல் தெரியிற மாதிரி இருக்கு."

"இஞ்சேருங்கோ, மெசினை நம்பப் போறீங்களோ, கண்ணை நம்பப் போறீங்களோ?"

மனிசன் மெசினை நம்பினார். கடைசிவரைக்கும் என்னை விட்டுக்கொடுக்காத மனிசன். அடுத்த நிமிடம் போட்டின் அடியில் நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் முன்னுக்குச் சாய்ந்தோம். என்ஜின் இருமி நின்றது. பின்னால் வந்த ரபீக் நானாவும் ஏறக்குறைய அதே சத்தத்தோடு எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, என் மடியிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு பாகம். அவருடைய காலுக்குக் கீழே பெரிய சிவப்பு மீன் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நான் இப்ப செத்திருக்க வேணும் என்ன?" என்றார்.

அப்போதுதான் மூலையில் மின்னிய அந்தச் சொல்லை எல்லோருக்கும் கேட்க எழுத்துக் கூட்டி வாசித்தேன். டெமோ. தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, வாங்க முதல் ஒருக்கால் பாருங்கோ என்று காட்டுவார்களே, அந்த டெமோ. கடையில் வாங்குகிறவர்களை மயக்க ஓடவிட்ட படத்தை நான் கடலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். விடியத் தொடங்கி அந்தக் குடா முழுவதும் ஒரு படத்துக்குத் தூண்டில் போட்டிருக்கிறது. வெட்கத்தில் என் காது சுட்டது. மெசினை அண்ணாவிடம் கொடுத்துவிட்டு நானும் தண்ணீரில் குதித்தேன், முதலில் எங்கள் போட்டையும் பிறகு நானாவின் போட்டையும் மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினேன். சல்வாரில் மணல் ஏறிக் கனத்துப்போனது.

கரைக்கு வந்தபோது சனம் காத்துநின்றது. செய்தி எங்களுக்கு முதலே வந்துவிட்டது. நான் திட்டு வாங்கத் தயாராக இறங்கினேன். திட்டு வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது.

"தங்கச்சி, உன்னில பிழையில்லை" என்றார் அண்ணா, மிகவும் அன்பாக. "மெசினும் நல்ல மெசின்தான். பொம்பிளை ஏறினதுதான் விசயம். அதுக்கு ஆர் என்ன செய்யிறது."

"ஓமோம், அதான்" என்றார்கள் எல்லோரும். எங்கள் பின்னாலேயே கரைக்கு வந்த ரபீக் நானாவும், "கடலுக்கும் ஒரு முறை இரிக்குத்தானே மகள்" என்றார்.

எனக்கு ஒரு கணம் தப்பித்த மாதிரி இருந்தது. பிறகுதான் விளங்கியது. இவர்கள் என்னைக் காப்பாற்றவில்லை, தங்களைக் காப்பாற்றுகிறார்கள். கடலில் பழுத்த இத்தனை ஆம்பிளைகள் ஒரு விளம்பரப் படத்துக்குப் பின்னால் ஊர்வலம் போனதை எப்படி வெளியில் சொல்வது? பெண் ஏறியதால் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் மடையர் இல்லை. நான் தலையாட்டினால் என் மரியாதையும் மெசினின் மரியாதையும் தப்பும். போவது மச்சாளின் ஆசைதான். அவர் கூட்டத்துக்குப் பின்னால், மீன் வாங்கக் கொண்டுவந்த வெறும் வாளியோடு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"பொம்பிளை ஏறினதால இல்லை" என்றேன், அந்தக் கரை முழுவதற்கும் கேட்கும்படி. "நான் மடைத்தனமா ஒரு பட்டனை அமத்தாமல் விட்டதால. இது என்ர சொந்த மடைத்தனம். இதைக் கொண்டுபோய் ஒரு பொம்பிளையின்ர தலையிலும் கட்ட விடமாட்டன்."

"சும்மா இரும் அப்பா" என்று இவர் கையைப் பிடித்தார். "அவை சொல்லுறது உமக்கு நல்லதுதானே."

"எனக்கு நல்லது வேண்டாம்."

உலகத்தில் தன்னை மடைச்சி என்று நிரூபிக்க இவ்வளவு கஷ்டப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒருவரும் நம்ப மாட்டோம் என்கிறார்கள். போட்டிலிருந்து பற்றறியையும் மெசினையும் தூக்கிக்கொண்டு வந்து காய்ந்த மணலில் வைத்தேன். சென்சரை மணலில் போட்டேன். வயரைக் கொடுத்தேன். நீலத் தண்ணீர் ஓடியது. பன்னிரண்டு பாகம்.

"எல்லாரும் கிட்ட வந்து பாருங்கோ. நாங்கள் இப்ப நிக்கிற இடத்தில எத்தினை மீன் போகுது எண்டு பாருங்கோ."

வந்து பார்த்தார்கள். மணலுக்குக் கீழே சிவப்பு மீன் போனது. ஒருவர் தன்னையறியாமல் காலைத் தூக்கினார். பிறகு செற்றிங்குக்குள் போனேன், விற்பனையாளர் சொல்ல வந்து நான் சொல்லவிடாத அதே இடத்துக்கு. டெமோவை நிற்பாட்டினேன். நீலம் போனது, மீன் போனது, ஆழம் இருந்த இடத்தில் வெறும் கோடுகள் மட்டும் நின்றன. ரபீக் நானா தொண்டையைச் செருமிக்கொண்டு, கிண்ணியாவுக்குப் போக நேரமாச்சு என்றார்.

"அப்ப நாளைக்கு நான் போறன்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. மச்சாள்.

அண்ணா திரும்பினார். "வெறுங்கையோட வந்தா ஒருத்தரும் ஏறுறேல்லை எண்டுதானே கதை."

"அது பொம்பிளையால மீன் படேல்லையெண்டாத்தானே. இண்டைக்குப் படாதது இவளின்ர மடைத்தனத்தால. உங்கட கண்ணாலதானே பாத்தனீங்கள்." வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "விடிய எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"

என் மடைத்தனத்தை அவ்வளவு பெருமையோடு வேறு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணில் மணல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த நாள் அவர்களோடு நானும் மச்சாளும் போனோம். மீன் பட்டது. அள்ளுகொள்ளையாக என்று சொன்னால் அது பொய். கறிக்கும் விற்கவும் காணக்கூடிய அளவு. மெசின் காட்டிய இடத்தில்தான் பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். மச்சாள் தானே ஒரு விளைமீனைத் தூக்கிவிட்டு, அண்ணாவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கேலி செய்வதை அவர்கள் நிறுத்தவில்லை. சந்தையில் மரக்கறி வாங்க நின்றால், "அக்கா, இந்த இடத்தில எத்தினை பாகம்?" என்று எவனாவது கேட்பான். மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் இவரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து காட்டுவார். கேட்கட்டும், காட்டட்டும். நானாகக் கேட்டு வாங்கிய பட்டம் அது.

ஆனால் கேலி இரண்டு பக்கமும் ஓடும். கடலில் மீன் படாத நாள் எல்லோருக்கும் வரும். ஆம்பிளைகள் மட்டும் ஏறிப் போன போட் ஒன்று வெறுமையாக வந்து ஒதுங்கினால், நானும் மச்சாளும் வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடுவோம். உள்ளே எட்டி எட்டிப் பார்ப்போம். முன்பக்கத்து அணியத்தில் பார்ப்போம், வலைக்குக் கீழே பார்ப்போம், ஐஸ்பெட்டி மூடியையும் திறந்து பார்ப்போம். என்ன தேடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கும் வரைக்கும் விடமாட்டோம்.

"இண்டைக்கு இதுக்குள்ள ஏறின பொம்பிளை ஆர் எண்டு பாக்கிறம்" என்பார் மச்சாள்.